அந்தமானில் எந்தத் தீவுக்குப் போவது? காடும் கடலும் தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஆனால் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் குழப்பம் வராது, தமிழிலேயே சொன்னாலும் பெரும்பாலும் புரியும். போய்ச் சேருவது இவ்வளவு சுலபம் என்பதாலோ என்னவோ, அந்தமான் பேக்கேஜ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கின்றன: செல்லுலார் சிறை, ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஓர் இரவு, திரும்பி வந்து ஷாப்பிங். தேனிலவுக்கு அது போதும். காட்டில் நடக்கவும் கடலுக்கடியில் இறங்கவும் பறவை, ஆமை பார்க்கவும் ஆசைப்படுபவருக்கு அந்த அச்சு பொருந்தாது. அவர்கள் எந்தத் தீவு அழகு என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த மாதம், எத்தனை நாள், எந்த உயிர் என்று மூன்றையும் முதலில் முடிவு செய்தால் தீவு தானாக வந்து நிற்கும்.

படி 1: போக முடியாத தீவுகளை முதலில் கழித்துவிடுங்கள்

வரைபடத்தில் நூற்றுக்கணக்கான தீவுகள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணி இறங்கக்கூடியவை கொஞ்சம்தான். நிக்கோபார் தீவுகள் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி. இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் தனி அனுமதி இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போக முடியாது. நிக்கோபார் மெகாபோட் என்ற மண்மேடு கட்டி முட்டையிடும் பறவையும், ஏழுவரி ஆமைகள் கரையேறும் கலத்தியா விரிகுடாவும் அங்கேதான் இருக்கின்றன. அந்த விரிகுடாவில்தான் பெரிய துறைமுகம் கட்டும் திட்டமும் வந்திருக்கிறது என்பது தனிக்கவலை.

வட சென்டினல் தீவின் பக்கம் படகு போவதே குற்றம். நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவை ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. ஆனால் அங்கே சாதாரணப் பயணி போக வழியில்லை. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை இருக்கும் பாரன் (Barren) தீவில் இறங்க அனுமதி கிடையாது, எப்போதாவது ஏற்பாடாகும் கப்பல் பயணத்தில் தூரத்திலிருந்து பார்க்கலாம். இவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மிஞ்சுபவை: போர்ட் பிளேரைச் சுற்றிய தெற்கு அந்தமான், ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு), பாராடாங், ரங்கத், லாங் ஐலண்ட், வடகோடியில் திக்லிப்பூர், தெற்கே லிட்டில் அந்தமான்.

படி 2: எந்த உயிரைப் பார்க்க ஆசை?

முதுமலை போல நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, குரங்குக் கூட்டங்கள்கூட இல்லை. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அதன் உச்சிகள் மட்டும் வெளியே தெரிவதுதான் இந்தத் தீவுகள். பெரிய பாலூட்டிகள் இங்கே வந்து சேரவில்லை. காட்டுப்பன்றி, மரநாய், வௌவால்கள், அவ்வளவுதான். புள்ளிமான்கள் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. அவற்றை மட்டுப்படுத்த இயற்கை எதிரி இல்லாததால் இளஞ்செடிகளைத் தின்று காட்டுக்கே தொல்லையாகிவிட்டன. யானைகள் மரம் இழுக்க வந்தவை. அந்தத் தொழில் நொடித்தபோது இன்டர்வியூ தீவில் விடப்பட்டவற்றின் வழிவந்தவை காட்டு யானைகளாகிவிட்டன. ஹேவ்லாக்கில் கடலில் நீந்தும் யானையின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ராஜன் என்ற அந்த யானை 2016-லேயே இறந்துவிட்டது. விளம்பரங்களில் மட்டும் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது.

அந்தமானின் செல்வம் வேறு. மற்ற இடங்களில் இல்லாத பறவை இனங்கள் இந்தத் தீவுக் கூட்டத்தில் இருபதுக்கும் மேல் உண்டு. அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, அந்தமான் பாம்புப் பருந்து, பல வகை ஆந்தைகள். கரையில் நான்கு வகைக் கடலாமைகள். கழிமுகங்களில் உவர்நீர் முதலை. கடற்புல் மேயும் கடற்பசு, நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே அதேதான், இங்கே மாநில விலங்கு. அதைப் பார்ப்பது லாட்டரி மாதிரி, அதற்காகவே டிக்கெட் போடாதீர்கள். அப்புறம் பவளப்பாறைகள்.

ஆக, உங்கள் ஆசை எதில் அடங்கும்? கடலுக்கடியில் என்றால் ஹேவ்லாக். பறவை என்றால் போர்ட் பிளேரைச் சுற்றியே. ஆமையும் மலையேற்றமும் என்றால் திக்லிப்பூர். அலையாத்திக் காடும் குகையும் என்றால் பாராடாங். அலைச்சறுக்கு என்றால் லிட்டில் அந்தமான்.

படி 3: மாதத்தைப் பாருங்கள்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து. நம்மூரைப் போலவே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் மழை வந்து போகும், புயல் சின்னம் உருவாகும் காலமும் அதுதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பிப் போகக்கூடிய பருவம். அதிலும் பாகுபாடு இருக்கிறது. ஆமை முட்டையிடுவதைப் பார்க்க டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போக வேண்டும். ஸ்கூபாவுக்கு (காற்றுக்கலனைச் சுமந்து கடலுக்கடியில் இறங்குவது) மார்ச், ஏப்ரலில் கடல் கண்ணாடி போல் தெளியும். அலைச்சறுக்குக்கு ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை. பறவைகள் குளிர்காலத்தில் அதிகம், வலசை வருபவையும் சேர்ந்துகொள்ளும். ஒரே பயணத்தில் கூடுமானவரை எல்லாவற்றையும் தொட நினைத்தால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் பொருத்தமானது.

மாதத்தோடு பிறையையும் பாருங்கள். இதை எந்தப் பேக்கேஜ்காரரும் சொல்ல மாட்டார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வெகுதூரம் வற்றும். நீல் தீவில் பாறைக்குட்டைகளில் கடல் உயிர்களைப் பார்ப்பதும், திக்லிப்பூர் அருகே ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டில் நடப்பதும் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஹேவ்லாக்கில் இரவு கயாக் ஓட்டி, துடுப்பு பட்ட இடமெல்லாம் கடல்நீர் நீலமாக மினுங்குவதைப் பார்க்க நிலா இருக்கவே கூடாது. ஆகவே அமாவாசை வாரம் கிடைத்தால் இரண்டும் கிடைக்கும். பாறை முகடுகளில் ஸ்கூபா செய்பவர்களுக்கு மட்டும் அந்த நாட்களில் நீரோட்டம் கூடுதலாக இருக்கும்.

படி 4: நாட்களை எண்ணுங்கள், கப்பலை எண்ணுங்கள்

தீவுக்குத் தீவு மாறும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைநாள் போய்விடும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் துறைமுகத்தில் காத்திருப்பது, சோதனை, இறங்கி ஆட்டோ பிடிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. லிட்டில் அந்தமானின் ஹட் பேவுக்கு அரசுக் கப்பல்தான் கதி, ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. திக்லிப்பூருக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு வெயிலுடையது. இந்தியா முழுக்க ஒரே நேரம் என்பதால், வெகுதூரம் கிழக்கே இருக்கும் அந்தமானில் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. காலை எட்டு மணிக்குச் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் பாதி நாளை இழந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஐந்தரைக்குக் காட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஐந்து நாள்தான் இருக்கிறதா? போர்ட் பிளேரும் இன்னொரு தீவும், அதற்கு மேல் வேண்டாம். எட்டு நாள் என்றால் மூன்று இடம். திக்லிப்பூரும் லிட்டில் அந்தமானும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் இரண்டு வாரம் இல்லாமல் தொடாதீர்கள், ஒன்று வடகோடி, இன்னொன்று தென்கோடி.

படி 5: தீவு தீவாக

*போர்ட் பிளேரும் சுற்றுப்புறமும்.* விமானத்திலிருந்து இறங்கியதும் ஹேவ்லாக்குக்கு ஓடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பறவை பார்ப்பவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து அந்தமானுக்கு வருகிறார்கள், வந்தால் பெரும்பாலான நாட்களைத் தெற்கு அந்தமானிலேயே கழிக்கிறார்கள். நகரத்துக்குத் தெற்கே 25 கிலோமீட்டரில் சிடியா டாப்பு. மாலையில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருவார்கள். நீங்கள் விடியற்காலையில் போங்கள், அல்லது எல்லோரும் திரும்பிய பிறகு ஆந்தைகளுக்காக உள்ளூர் வழிகாட்டியோடு நில்லுங்கள். ஆந்தை தேடும்போது ஒலிபெருக்கியில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு வரவழைக்கும் வழிகாட்டி வேண்டாம், பறவைக்கு அது துன்பம்.

விரிகுடாவுக்கு அக்கரையில் மவுண்ட் ஹாரியட், 383 மீட்டர் உயரம். 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் தென்னையும் கடலுமாக இருக்கும் காட்சி இந்த மலைப்பக்கத்திலிருந்து தெரிவதுதான். பசுமைமாறாக் காட்டுக்குள் நல்ல நடைபாதை, ஈரமான மாதங்களில் அட்டை உண்டு. நீர்ப்பறவைகளுக்கு சிப்பிகாட், ஓக்ராபிரஜ் பக்கத்துச் சதுப்புகள். 2004 சுனாமியின்போது நிலம் தாழ்ந்து கடல்நீர் ஏறிய வயல்கள் அவை. விவசாயிக்கு நஷ்டம், கொக்குக்கு லாபம்.

பவளம் பார்க்க வேண்டும், ஆனால் ஹேவ்லாக் போக நேரமில்லை என்றால் வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. 1983-ல் அறிவிக்கப்பட்டது, பதினைந்து தீவுகள் கொண்டது. அதில் ஜாலி பாய் நவம்பரிலிருந்து கோடை வரை திறந்திருக்கும், மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்கு அழைத்துப் போவார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் கெடுபிடியால்தான் அங்கே இன்னும் பார்க்க ஏதோ மிச்சமிருக்கிறது.

*ஹேவ்லாக்.* ராதாநகர் கடற்கரைக்காக மட்டும் போவதென்றால் ஒரு நாள் போதும். இந்தத் தீவின் உண்மையான பலம் ஸ்கூபா. மூன்று நிலைகள் இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்னார்க்கலிங் என்பது மேலே மிதந்தபடி பார்ப்பது, எலிபன்ட் பீச்சில் செய்யலாம். அங்கே படகில் போகாமல் காட்டுவழியே அரைமணி நேரம் நடந்து போங்கள், அந்த நடையே பாதி இன்பம். அடுத்தது பயிற்றுநர் பிடித்துக்கொண்டு இறக்கும் அறிமுக டைவ், பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது, நீச்சல் தெரியாதவர்களையும் அழைத்துப் போவார்கள். மூன்றாவது ஓபன் வாட்டர் படிப்பு. மூன்று, நான்கு நாள் ஆகும், நீச்சல் தெரிய வேண்டும், முடித்தால் பதினெட்டு மீட்டர் வரை இறங்கத் தகுதி. டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற பெயர்பெற்ற இடங்கள் ஆழமானவை, அனுபவமும் அதற்கேற்ற சான்றிதழும் உள்ளவர்களுக்கே.

என் கருத்து: நான்கு நாள் இருந்தால் இரண்டு தீவு பார்ப்பதைவிட அந்தப் படிப்பை முடிப்பது மேல். அதற்குப் பிறகு நீங்கள் போகும் ஒவ்வொரு கடற்கரையும் வேறு மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். 2010-ல் கடல்நீர் சூடாகி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன, அதன் பிறகும் வெளுப்பு வந்திருக்கிறது. கரையோர ஆழமில்லாத பாறைகளில் விளம்பரப் படத்து வண்ணத்தை எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் ஏமாற்றாது.

*நீல்.* சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் இதுதான் சரியான தேர்வு. லட்சுமண்பூர் பக்கத்து இயற்கைப் பாறைப் பாலத்துக்கு ஓதம் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். குட்டைகளில் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், நண்டுகள், சில சமயம் கணவாய் வகைகள். எதையும் கையில் எடுத்துக் காட்டாத வழிகாட்டியைத் தேடுங்கள். மேலும் சொல்ல ஒன்றுமில்லை, சாகசம் தேடுபவருக்கு ஒரு நாளுக்கு மேல் அலுக்கும்.

*பாராடாங்.* போர்ட் பிளேரிலிருந்து நூறு கிலோமீட்டர். பெரும்பாலோர் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங்கில் வண்டி வரிசையில் காத்திருந்து, கான்வாயாக (காவலோடு ஒரே அணியாகச் செல்லும் வண்டிகள்) போய், சுண்ணாம்புக் குகை பார்த்துவிட்டு மதியக் கான்வாயில் திரும்பிவிடுகிறார்கள். குகைக்குப் போகும் படகுப் பயணம் அருமை: பிச்சாவரத்தைவிட உயர்ந்த அலையாத்தி மரங்கள் இருபுறமும் வளைந்து கூரை போடும். சேற்று எரிமலை என்று காட்டுவது சாம்பல் நிறச் சேற்றில் அவ்வப்போது கொப்பளிக்கும் குமிழி, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் சுவாரசியம். ஆனால் பாராடாங்கின் பெரிய காட்சி பேரட் ஐலண்ட். அந்திநேரத்தில் ஆயிரக்கணக்கான கிளிகள் அந்தச் சின்ன அலையாத்தித் தீவில் வந்து அடையும். ஒரே நாளில் திரும்புபவர்களால் இதைப் பார்க்கவே முடியாது, கடைசிக் கான்வாய் அதற்குள் போய்விடும். பாராடாங்கில் ஒரு இரவு தங்குங்கள், இல்லையென்றால் போகாதீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் வனப்பகுதி வழியே போகிறது. வண்டி நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி இது தண்டனைக்குரிய குற்றம். அவர்களைக் காட்சிப்பொருளாக்கிய வீடியோக்கள் 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. "ஜாரவா பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவரிடம் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

*ரங்கத், லாங் ஐலண்ட்.* வடக்கே போகும் வழியில் ஓய்வெடுக்கும் ஊர்கள். தானி நல்லாவில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். கத்பர்ட் விரிகுடாவில் பங்குனி ஆமைகள் கரையேறும். லாங் ஐலண்டில் லாலாஜி பே வரை காட்டுவழி நடக்கலாம், கூட்டமே இருக்காது, வசதியும் இருக்காது.

*திக்லிப்பூர்.* காடும் வன உயிரும்தான் நோக்கம் என்றால் என் முதல் ஓட்டு இதற்கே. தூரம்தான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சாடில் பீக், 732 மீட்டர், அந்தமானின் மிக உயர்ந்த சிகரம். லாமியா பேயில் வனத்துறைச் சாவடியில் பதிவு செய்து, ஒருவழிக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். தொடக்கத்தில் கடலோரமாகச் சமதளம், அப்புறம் நெட்டேற்றம். எண்ணைப் பார்த்து இலேசாக நினைக்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்தே ஏறுகிறோம், காற்றில் ஈரம் பிழிந்தெடுக்கும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். விடியலில் தொடங்கினால்தான் இருட்டுமுன் இறங்க முடியும்.

காலிப்பூர் கடற்கரை இன்னும் விசேஷம். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று நான்கு வகையும் முட்டையிட வரும் கரை அது. அடிக்கடி வருவது பங்குனி ஆமைதான், மற்றவை அதிர்ஷ்டம். இரவில் வனத்துறை ஆட்களோடுதான் போக வேண்டும். வெள்ளை விளக்கு, ஃபிளாஷ் கூடாது. ஆமை குழி தோண்டும்போது அருகில் போனால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும், அது முட்டைகளை விடத் தொடங்கும் வரை தள்ளி உட்காருங்கள். ராம்நகர் பக்கம் ஆல்ஃபிரட் குகைகளில் எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவிகள் இருக்கின்றன. ஏரியல் பே துறையில் வனத்துறை அனுமதி வாங்கி ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் படகில் போய் வரலாம். இதை போர்ட் பிளேர் எதிரே இருக்கும் பழைய ராஸ் தீவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு, அதற்கு இப்போது நேதாஜியின் பெயர்.

மூன்று இரவுக்குக் குறைவாகத் திக்லிப்பூர் போவது வீண். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று உடம்பு நொந்துவிடும்.

*லிட்டில் அந்தமான்.* பட்லர் பேயில் அலைச்சறுக்கு, காட்டுக்குள் இரண்டு அருவிகள், தென்னையும் செம்பனையும் கலந்த நீண்ட சாலை. விடுதிகள் சாதாரணம். தீவின் பெரும்பகுதி ஓங்கே பழங்குடி மக்களுக்கான பாதுகாப்புப் பகுதி, அங்கே நுழைய முடியாது. மணல் ஈக்கடி மோசம். நாள் கணக்கில் திட்டம் தள்ளிப்போனாலும் பதறாத ஆளாக இருந்தால் போங்கள்.

படி 6: பதிவு செய்யும் வரிசை

விமானத்தைப் பதிவு செய்யுமுன் பிறையையும் ஓத அட்டவணையையும் பாருங்கள். பிறகு டைவ் மையம் அல்லது பறவை வழிகாட்டி, நல்லவர்கள் சீசனில் முன்பே நிறைந்துவிடுவார்கள். அதன் பிறகு தனியார் கப்பல், கடைசியில் விடுதி. அரசுக் கப்பல் டிக்கெட் பயணத்துக்குச் சில நாட்கள் முன்புதான் திறக்கும், உள்ளூர் மக்களின் தேவை முதலில் என்பதையும் மனத்தில் வையுங்கள். அது அவர்களின் டவுன் பஸ். சென்னையிலிருந்து கப்பலில் போக ஆசையென்றால் கிட்டத்தட்ட மூன்று நாள் கடலில், விடுப்பு தாராளமாக இருந்தால் மட்டும்.

2020-ல் சென்னையிலிருந்து கடலடி இழைவடம் போட்ட பிறகு போர்ட் பிளேரிலும் ஹேவ்லாக்கிலும் இணையம் பரவாயில்லை. வடக்கே போகப் போகக் குறையும். ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உயிரோடு விளையாடக் கூடாத விஷயங்கள்

முதலை முதலில். 2010-ல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் ஸ்னார்க்கலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. அது பிரபலமான, கூட்டம் வரும் இடம். கழிமுகம், ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்தி விளிம்பு ஆகியவற்றில் இறங்கவே கூடாது, அந்தி, இருட்டு நேரத்தில் எங்கேயும் வேண்டாம். சில கடற்கரைகளில் வலை கட்டியிருப்பார்கள், அதற்குள் மட்டும் குளியுங்கள். எச்சரிக்கைப் பலகையின் மேல் துணி காயப்போடும் நம்மாட்களைப் பின்பற்ற வேண்டாம்.

ஸ்கூபா முடித்துக் குறைந்தது பதினெட்டு மணி நேரம், பத்திரமாகச் சொன்னால் ஒரு முழு நாள், விமானம் ஏறக் கூடாது. ஆகவே ஹேவ்லாக்கைப் பயணத்தின் முதல் பாதியில் வைத்து, கடைசி நாட்களைப் பறவைகளுக்கு ஒதுக்குங்கள். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை, இதய நோய் எதுவானாலும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

கரையில் கிடக்கும் சங்கும் செத்த பவளமும்கூட எடுத்து வரக் கூடாது. விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். அரசு விற்பனை நிலையத்தில் ரசீதோடு வாங்கியவை மட்டும் சரி.

வெளித்தீவிலிருந்து திரும்புவதற்கும் சென்னை விமானத்துக்கும் இடையே ஒரு இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்கட்டும். காற்று பலத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அன்றைய விமானத்தைப் பிடிக்க வேறு வழி கிடையாது.